ஸ்ட்ரெஸ்ஸுக்கு எது சரிப்படும்: மூச்சா, தியானமா, ஓட்டமா, தூக்கமா, பிளானா, பேச்சா?

செமஸ்டர் முடியப் போற நேரம் வந்தாலே யாராவது ஒரு ஜூனியர் இதே கேள்வியோட வந்து நிக்கும். "அக்கா, ஸ்ட்ரெஸ் தாங்கல, தியானம் பண்ணட்டுமா, ஜிம்ல சேரட்டுமா, இல்ல கவுன்சிலரப் போய்ப் பாக்கட்டுமா, எது நல்லது?" கடைசியா கேட்ட பொண்ணு ஏற்கெனவே போன்ல மூணு தியான ஆப் இறக்கி வெச்சிருக்கா, மனசுல இருக்கறத எழுதணும்னு புது நோட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கா, விடியக்காலைல 5 மணிக்கு எந்திரிச்சு ஓடணும்னு அலாரம் வேற, இதுல எதுவுமே நாலு நாளத் தாண்டல, இப்போ "ஸ்ட்ரெஸ்ஸக் குறைக்கறதக்கூட என்னால ஒழுங்கா பண்ண முடியல"ன்னு அது ஒரு தனி ஸ்ட்ரெஸ். சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிக்கல, ஏன்னா ரெண்டாவது வருஷத்துல நானும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தேன்.

அவகிட்ட வாய்ல சொன்னத இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதறேன். "எது நல்லது"ங்கற கேள்வியே கொஞ்சம் கோணல். குடை நல்லதா போர்வை நல்லதான்னு கேட்டா என்ன சொல்றது? மழைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு. கொட்டற மழைல போர்வையப் போத்திக்கிட்டு நடந்துட்டு "போர்வை வேலையே செய்யல"ன்னா அது போர்வையோட தப்பு இல்லையே.

## மொதல்ல உங்களையே கேட்டுக்க வேண்டியது

நாளைக்குக் காலைல கண்ணு முழிக்கும்போது அந்த அசைன்மென்ட், எழுதாம கிடக்கற ரெக்கார்டு, தொடாம விட்ட நாலு யூனிட்டு எல்லாமே மாயமா முடிஞ்சு கிடக்குன்னு வெச்சுக்கங்க. நெஞ்சு லேசாயிடுமா? "ஆமா, நிம்மதியா தூங்குவேன்"னா உங்க பிரச்சினை வேலை. "இல்ல, அப்பவும் ஏதோ அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கும்"னா பிரச்சினை வேற எங்கயோ இருக்கு, உடம்புல, தூக்கத்துல, வீட்டுல, ஒரு உறவுல, பணத்துல, இல்ல தப்பான கோர்ஸ எடுத்துட்டோமோங்கற பயத்துல.

இந்தப் பிரிவினை நான் கண்டுபிடிச்சது இல்ல. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1980கள்லயே இதச் சொல்லிட்டாங்க. பிரச்சினையவே போய்ப் பிடிச்சு சரி பண்றது ஒரு வகை, பிரச்சினையால மனசுக்குள்ள எழும்பறத சமாளிக்கறது இன்னொரு வகை. நம்ம கைல இருக்கற விஷயத்துக்கு மொத வகை, கைய விட்டுப் போன விஷயத்துக்கு ரெண்டாவது. நாம என்ன பண்றோம்னா இதத் தலைகீழா பண்றோம். நாளைக்குக் குடுக்க வேண்டிய ரிப்போர்ட்ல ஒரு வரிகூட எழுதாம கண்ண மூடி உக்காந்து மூச்ச இழுத்து விடறோம், பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற நேரத்துல, அதுக்கு மேல செய்ய ஒண்ணுமே இல்லாதப்போ, மார்க்க மனக்கணக்கு போட்டுக்கிட்டே கெடக்கறோம்.

## எத வெச்சு எடை போடறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம். பலன் எப்போ தெரியும், நிமிஷத்துலயா வாரத்துலயா. தினம் எவ்ளோ நேரம் கேக்கும். ஸ்ட்ரெஸ்ஸோட காரணத்தத் தொடுமா இல்ல அறிகுறிய மட்டும் அடக்குமா. ரூம்ல இன்னும் மூணு பேர் இருக்கும்போது, பரீட்சை நெருங்கி தலைக்கு மேல வேலை கெடக்கும்போது, அப்பவும் பண்ண முடியுமா. கடைசியா, வெளில தெரியாத செலவு என்ன, இதத்தான் யாருமே சொல்ல மாட்டாங்க.

| வழி | பலன் எப்போ | கேக்கற நேரம் | காரணத்தத் தொடுமா | வெளில தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| மூச்சு, தசைத் தளர்வு | சில நிமிஷத்துல | 5 முதல் 20 நிமிஷம் | தொடாது | வேலையத் தள்ளிப்போட ஒரு சாக்கு |
| தியானம் | பல வாரம் | தினம் 10 முதல் 45 நிமிஷம் | நேரா தொடாது | ஆரம்பத்துல மனசு இன்னும் இரைச்சலா தெரியும் |
| ஓட்டம், நடை, ஜிம் | அன்னைக்கே கொஞ்சம், போகப் போக நிறைய | 20 முதல் 30 நிமிஷம் | தூக்கம் வழியா கொஞ்சம் | போய் வர, குளிக்க, உடம்பு வலிக்க ஆகற நேரம் |
| தூக்கம் | சில நாள் | ராத்திரி 7 மணி நேரமாவது | பல பேருக்குத் தொடும் | ராத்திரி அரட்டை போச்சு |
| பிளான் | அன்னைக்கே | 10 நிமிஷம் | நேரா தொடும் | பிளான் போடறதே வேலையாயிடும் |
| எழுதறது | சில நாள் கழிச்சு | 15 நிமிஷம், நாலு நாள் | சில சமயம் | எழுதின கையோட மனசு பாரமாகும் |
| பேசறது | அன்னைக்கேவும் உண்டு, வாரக்கணக்கும் உண்டு | ஆளப் பொறுத்து | யார்கிட்ட பேசறோம்ங்கறதப் பொறுத்து | ஒரே கதைய அரைச்சுக்கிட்டே இருக்கறது |

## மூச்சுப் பயிற்சி

மூச்ச உள்ள இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசா ஏறும், வெளில விடும்போது இறங்கும். எல்லார் உடம்புலயும் நடக்கறதுதான், மூளைலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்போட வேலை. அதனால வெளில விடற மூச்ச நீட்டினாலே உடம்பு கொஞ்சம் அடங்கும், இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விட்டு, நாலு எண்ணி சும்மா இருக்கற பாக்ஸ் முறை ஒண்ணு. மூக்கால ஒரு தடவ முழுசா இழுத்து, அதுக்கு மேல இன்னொரு குட்டி இழுப்பு இழுத்து, வாயால நீளமா விடறது இன்னொண்ணு. 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க தினம் 5 நிமிஷம்னு ஒரு மாசம் பண்ண வெச்சுப் பாத்தாங்க, இந்த ரெண்டாவது முறை பண்ணவங்களுக்கு மனநிலை நல்லா ஏறுச்சு, அதே 5 நிமிஷம் தியானம் பண்ணவங்களவிட அதிகமாவே.

இதோட பெரிய பலம் இடம் பொருள் எதுவும் வேணாம்ங்கறது. எக்ஸாம் ஹால்ல கேள்வித்தாள் கைக்கு வர்ற அந்த ரெண்டு நிமிஷத்துல, வைவாவுக்கு வெளில வரிசைல நிக்கும்போது, பக்கத்துல இருக்கறவனுக்குக்கூட தெரியாம பண்ணிக்கலாம். மூச்சுல கவனம் வெச்சாலே படபடப்பு கூடற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு 1920கள்ல எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் உருவாக்கின தசைத் தளர்வு முறை நல்லாருக்கும். கைய இறுக்கி மூடி அஞ்சு எண்ணி டக்குன்னு விடறது, அப்புறம் தோள், முகம், வயிறு, கால்னு ஒவ்வொண்ணா. படுத்துக்கிட்டே பண்ணலாம், பாதிலயே தூங்கிடுவீங்க, அதுவும் லாபம்தான்.

செலவு என்னன்னா, பண்ணின உடனே நல்லா இருக்கறதால வேலைய முடிச்ச மாதிரியே ஒரு பொய்யான நிம்மதி வரும். நான் ஒரு செமஸ்டர் பூரா இப்படித்தான் ஓட்டினேன், பயம் வர்றப்போல்லாம் அஞ்சு நிமிஷம் மூச்சு, பயம் போனதும் படுக்கை, புக்கு அப்படியே கெடந்துச்சு. இன்னொண்ணு, வேக வேகமா ஆழமா இழுத்து விட்டா தலை சுத்தும், விரல் மரத்த மாதிரி ஆகும், மெதுவா பண்றதுதான் விஷயமே.

மேடை ஏறணும், செமினார் எடுக்கணும்ங்கற மாதிரி நேரத்துல எவ்ளோ மூச்சு விட்டாலும் படபடப்பு அடங்கலன்னா அடக்கவே முயற்சி பண்ணாதீங்க. ஹார்வர்ட்ல அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, "அமைதியா இருக்கேன்"னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டவங்களவிட "ஆர்வமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க பேச்சு, கணக்கு ரெண்டுலயும் நல்லா பண்ணாங்க. துடிக்கற நெஞ்ச நிறுத்தறது கஷ்டம், அதுக்குப் பேர மாத்தி வைக்கறது கொஞ்சம் சுலபம், அவ்ளோதான்.

## தியானம்

தியானத்துக்கு எதிரி இல்ல நான், ஆனா பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத ஆரம்பிக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளில ஜான் கபாட்-ஜின் ஆரம்பிச்ச அந்தப் பேர்போன மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி (இப்போ நடக்கறதுல மட்டும் கவனம் வைக்கற தியானம்) 8 வாரம் ஓடும், வாரம் ஒரு கிளாஸ் ரெண்டரை மணி நேரம், அதுக்கு மேல வீட்டுல தினம் முக்கால் மணி நேரம். ஆராய்ச்சில "தியானம் ஸ்ட்ரெஸ்ஸக் குறைக்குது"ன்னு வர்றப்போ பல தடவ இந்த அளவு பயிற்சியத்தான் சொல்றாங்க, பஸ்ல காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கற 7 நிமிஷ ஆப்ப இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு இறங்கினா ஏமாத்தம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பிரிட்டன்ல 85 பள்ளிக்கூடத்துல 8,000க்கும் மேல பசங்கள வெச்சு நடத்தின மைண்ட்ஃபுல்னஸ் ஆய்வோட முடிவு 2022ல வந்துச்சு, வழக்கமான பாடத்தவிட கூடுதலா ஒரு பலனும் தெரியல. அந்தப் பசங்கள்ல பல பேரு வீட்டுல பண்ணவே இல்லையாம். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. தானா விரும்பி உக்காரறவனுக்கும் உக்கார வைக்கப்பட்டவனுக்கும் வித்தியாசம் உண்டுதானே.

செலவுன்னு பாத்தா, ஆரம்பத்துல மனசு அடங்காது, அதுக்குள்ள ஏற்கெனவே எவ்ளோ சத்தம் ஓடிக்கிட்டு இருக்குன்னு அப்பத்தான் தெரிய வரும். சில பேருக்கு, முக்கியமா பழைய ஒரு மோசமான சம்பவத்த மனசுல தூக்கிக்கிட்டு இருக்கறவங்களுக்கு, தனியா கண்ண மூடி உக்காந்தா பதட்டம் கூடவும் செய்யும். அப்படி இருந்தா பல்லக் கடிச்சுக்கிட்டுத் தொடர வேணாம், நிறுத்திட்டு வேற வழியப் பாருங்க, இல்ல ஒரு நல்ல ஆசிரியரோட பண்ணுங்க. செமஸ்டர் தொடக்கத்துலயோ லீவுலயோ ஆரம்பிக்கறவங்களுக்கு, நடந்து முடிஞ்சதையே திரும்பத் திரும்ப நெனச்சு அரைக்கிற மனசு உள்ளவங்களுக்கு, இது நல்ல தேர்வு.

## ஓட்டம், நடை, ஜிம்

ஸ்ட்ரெஸ்ல உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகுதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வால்டர் கேனன்னு ஒரு உடலியல் ஆய்வாளர் சொன்னாரு. தயாரான உடம்ப நாற்காலில எட்டு மணி நேரம் உக்கார வெச்சா என்ன ஆகும், அதான் நமக்கு ஆகுது. அதனால 20 நிமிஷம் வேகமா நடந்தாலே அன்னைக்கு சாயங்காலம் தலை கொஞ்சம் லேசாகும், இதுக்கு 8 வாரம் காத்திருக்க வேணாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியாவது வேணும்னு சொல்லுது, கணக்குப் போட்டா தினம் 20 நிமிஷம் சொச்சம், கிளாஸுக்குப் போற வழில பாதிய ஒப்பேத்திடலாம்.

திடீர் திடீர்னு நெஞ்சு படபடத்து "ஐயோ எனக்கு என்னமோ ஆகுது"ன்னு பயப்படறவங்களுக்கு இதுல ஒரு தனி நன்மை உண்டு. ஓடும்போதும் நெஞ்சு அதே மாதிரிதான் அடிக்கும், ஆனா ஒண்ணும் ஆகாது, இது தினம் நடக்க நடக்க அந்தத் துடிப்பு மேல இருக்கற பயம் குறையும். (உண்மையிலேயே நெஞ்சு வலி, மயக்கம்னு இருந்தா மொதல்ல டாக்டர்.)

செலவுதான் இதுல கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. "அரை மணி நேர ஜிம்"ங்கறது டிரெஸ் மாத்தி, போய், மெஷினுக்குக் காத்திருந்து, வந்து, குளிச்சு முடிக்கறதுக்குள்ள ஒண்ணே முக்கால் மணி நேரம். பரீட்சை வந்ததும் மொதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான். அதனால ஜிம் மெம்பர்ஷிப்ப நம்பறதவிட ஷூ மாட்டிட்டு வெளில நடக்கறதுதான் செமஸ்டர் முடியற வரைக்கும் தாங்கும். கண்ணாடி முன்னாடி பக்கத்து ஆளோட உடம்ப ஒப்பிட்டுப் பாத்து நொந்துக்கற சுபாவம் இருந்தா ஜிம் உங்களுக்கு ஸ்ட்ரெஸ்ஸ ஏத்தத்தான் செய்யும், கூச்சப்படாம அத ஒத்துக்கிட்டு நடைக்கு மாறிடுங்க.

## தூக்கம்

யாருமே இத ஒரு "டெக்னிக்"னு எண்ண மாட்டேங்கறாங்க, எனக்கு அதான் கோவம். பெரியவங்களுக்கு ராத்திரி 7 மணி நேரமாவது தூக்கம் வேணும்ங்கறது தூக்க மருத்துவர்கள் எல்லாம் ஒத்துப்போற விஷயம். அஞ்சு மணி நேரம் தூங்கிட்டு எந்திரிச்ச அன்னைக்கு ஒரு சாதாரண மெசேஜ்கூட திட்டற மாதிரி தெரியும், சின்ன அசைன்மென்ட் மலையா தெரியும். அந்த மலைக்கு தியானம் தேடறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி ஒழுங்கா தூங்கிப் பாத்துட்டு மலை இன்னும் அங்கயே இருக்கான்னு பாக்கறது புத்திசாலித்தனம். படிச்சது மூளைல பதியறதுலயும் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனால விடிய விடிய படிக்கறவன் ஒரு பக்கம் ஊத்திக்கிட்டே இன்னொரு பக்கம் ஓட்டையும் போட்டுக்கறான்.

காபி கணக்கையும் இங்கயே சொல்லிடறேன். உள்ள போன கஃபைன்ல பாதி கழியறதுக்கே சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் 5 மணிக்குக் குடிச்சா ராத்திரி 10 மணிக்கும் பாதி உள்ள இருக்கு, அப்புறம் "படுத்தா தூக்கமே வரல, ஸ்ட்ரெஸ்தான் காரணம்"னு ஸ்ட்ரெஸ் மேல பழி. மத்தியானத்துக்கு மேல காபி, எனர்ஜி டிரிங்க் ரெண்டையும் நிறுத்தறது மொத வேலை. ரெண்டாவது, எந்திரிக்கற நேரத்த நிலையா வைக்கறது, தூங்கற நேரம் தானா அதுக்குப் பின்னாடி வரும். படுத்து 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலன்னா புரண்டுக்கிட்டு கெடக்காம எந்திரிச்சு மங்கலான வெளிச்சத்துல ஏதாவது சலிப்பூட்டற புக்க எடுத்துப் படிங்க. பாடப் புத்தகமே போதும், அதவிட சலிப்பு வேற எங்க கெடைக்கும்.

செலவு சத்தியமா பெருசு. ஹாஸ்டல்ல உண்மையான வாழ்க்கையே ராத்திரி 11 மணிக்கு மேலதான் ஆரம்பிக்குது, அப்போ போய் படுத்தா சிரிப்புச் சத்தம் சுவத்தத் தாண்டி வரும்போது நாம மட்டும் எதையோ இழக்கறோம்னு தோணும். ரூம்மேட்டோட லைட்டு, போன் பேச்சு எல்லாம் உங்க கைல இல்ல, கண்ணுக்கு ஒரு துணியும் காதுக்கு அடைப்பானும் வாங்கிக்கறது சண்டையவிட சுலபம். நான் கண்ட சமரசம் வாரத்துல ரெண்டு ராத்திரி அரட்டைக்கு, மிச்சம் அஞ்சு தூக்கத்துக்கு. முழுத் துறவறம் யாருக்கும் நிக்காது.

## பிளான் போடறது

"நாளைக்கே வேலை எல்லாம் முடிஞ்சிட்டா நிம்மதி"ன்னு மேல சொன்னவங்களுக்கு இதுதான் மருந்து, மத்தது எல்லாம் ஒத்தடம். 1997ல டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் ரெண்டு பேரும் கல்லூரி மாணவர்கள வெச்சு வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அது நம்ம ஜாதகத்தயே எழுதி வெச்ச மாதிரி இருக்கும். வேலையத் தள்ளிப்போடறவங்களுக்கு செமஸ்டர் ஆரம்பத்துல மத்தவங்களவிட ஸ்ட்ரெஸ் கம்மியாதான் இருந்துச்சு, உடம்பும் நல்லா இருந்துச்சு. கடைசில அது அப்படியே தலைகீழாச்சு, ஸ்ட்ரெஸ்ஸும் நோயும் அவங்களுக்குத்தான் அதிகம், மொத்தமா கூட்டிப் பாத்தாலும் நஷ்டம் அவங்களுக்கே, மார்க்கும் கம்மி. கடன்ல வாங்கின நிம்மதிக்கு வட்டி இருக்கு.

ஆனா பிளான் போடறவங்க எல்லாம் தப்பிக்கறதில்ல. 1994ல கனடாவுல கடைசி வருஷ மாணவர்கள்கிட்ட "ஆய்வறிக்கைய எத்தன நாள்ல முடிப்பீங்க"ன்னு கேட்டாங்க, சராசரியா 34 நாள்னு சொன்னாங்க. "எல்லாமே சொதப்பினா எத்தன நாள்?" அதுக்கு 49 நாள் கிட்ட. நெசமா ஆனது 55 நாளுக்கும் மேல. அதாவது மோசமா போனா என்ன ஆகும்னு அவங்க கற்பனை பண்ணதவிடவும் நெசம் மோசமா இருந்துச்சு. அதுலேர்ந்து நான் எடுத்துக்கிட்ட பழக்கம், மனசு ஒரு வேலைக்கு ரெண்டு மணி நேரம்னு சொன்னா பிளான்ல மூணரைனு எழுதறது. கூச்சமா இருக்கும், ஆனா பிளான் உடையாது, பிளான் உடையாம இருந்தாலே பாதி ஸ்ட்ரெஸ் இல்ல.

இதோட ஒளிஞ்ச செலவு, கலர் பேனா. அட்டவணைக்கு கட்டம் கட்டி, பாடத்துக்கு ஒரு கலர் அடிச்சு, அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டு முடிச்சதும் மூணு மணி நேரம் போயிடும், படிப்பு பூஜ்யம். பத்து நிமிஷத்துக்கு மேல பிளான் போட்டா அது பிளான் இல்ல, அதுவும் தள்ளிப்போடறதுதான். உக்காரவே மனசு வராதவங்களுக்கு, 1980கள் கடைசில ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலி மாணவர் தக்காளி வடிவ சமையல் டைமர வெச்சு தனக்குன்னு பண்ணிக்கிட்ட பொமோடோரோ முறை இருக்கு, 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. ஆரம்பிக்கறதுதான் கஷ்டம்ங்கறவங்களுக்கு அது அருமை, ஒரு கணக்குக்கு நடுவுல மூழ்கி இருக்கும்போது மணி அடிச்சா எரிச்சல்தான் வரும், அப்போ மணிய விட்டுடுங்க.

அப்புறம் ஒண்ணு, எவ்ளோ பிளான் போட்டாலும் அடங்காத அளவு வேலை இருந்தா அது டெக்னிக் இல்லாத குறை இல்ல, சுமை அதிகம். கிளப், பார்ட் டைம் வேலை, கூடுதல் கோர்ஸ்னு எதையாவது இறக்கி வெச்சாத்தான் ஆகும்.

## எழுதித் தள்றது

1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் கல்லூரி மாணவர்கள நாலு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிஷம், வாழ்க்கைல தங்களப் பாதிச்ச விஷயத்தப் பத்தி எழுதச் சொன்னாரு. எழுதின கையோட அவங்க மனசு இன்னும் கனமாத்தான் ஆச்சு. ஆனா அடுத்த மாசங்கள்ல, சாதாரண விஷயத்த எழுதினவங்களவிட அவங்க கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனது கம்மி. அதனால இத ராத்திரி படுக்கப் போகும்போது, நாளைக்குப் பரீட்சைய வெச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதிரி நேரம் சரி. எழுதினத கிழிச்சுப் போட்டாலும் பரவால்ல, ரூம்மேட் கண்ணுல படுமோங்கற பயத்தோட எழுதறது எழுதறதே இல்ல.

படுக்கறதுக்கு முன்னாடி எழுதணும்னா நாளைக்குச் செய்ய வேண்டியத மட்டும் எழுதுங்க. 2018ல வந்த ஒரு ஆய்வுல 5 நிமிஷம் அப்படி எழுதினவங்க, முடிச்ச வேலைகள எழுதினவங்களவிட ஏறத்தாழ 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ஒரு பேனா செலவுதானே.

## பேசறது

ஃப்ரெண்டுகிட்ட பேசறது சுலபம், உடனே லேசாகும். ஆனா அமாண்டா ரோஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 2000கள்ல காட்டின ஒரு விஷயம், தோழிகள் ஒரே பிரச்சினைய மறுபடி மறுபடி உக்காந்து அலசிக்கிட்டே இருந்தா நட்பு இறுகும், கூடவே கவலையும் இறுகும். எங்க கேங்லயே பாத்திருக்கேன், ஒரு இன்டர்னல் மார்க்கப் பத்தி மூணு வாரம் பேசினோம், நாலு பேருக்கும் தூக்கம் போச்சு. எதுவும் மாறாம ஒரே கதை மூணாவது தடவ ஓடுதுன்னா, "சரி, இப்போ என்ன பண்ணலாம்"னு யாராவது கேக்கணும், இல்லன்னா எந்திரிச்சு நடக்கணும்.

நாம பேச வேண்டியவங்கள்ல நாம பேசவே பேசாத ஆள் பாடம் எடுக்கற புரொஃபசர். "சார், முடிக்க முடியல, ரெண்டு நாள் வேணும்"ங்கற ஒரு வரி பத்து மூச்சுப் பயிற்சிக்குச் சமம். சில பேரு மறுப்பாங்கதான், மறுத்தாலும் பதில் என்னங்கறதாவது தெரிஞ்சிடும். கடைசி நாளுக்கு முன்னாடியே கேட்டா கெடைக்கற வாய்ப்பு அதிகம்.

கவுன்சிலர்னு வந்தா செலவு என்னன்னா காத்திருக்கறது, அப்புறம் மொத சந்திப்பு பெரும்பாலும் அவங்க கேள்வி கேட்டு நாம பதில் சொல்றதுலயே போயிடும், "ஒண்ணும் சொல்லலயே"ன்னு ஏமாந்து திரும்பிடாதீங்க. வெளில சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்தா மொத நிமிஷத்துலயே "நான் சொல்றது யாருக்குத் தெரியும், எப்போ தெரியும்"னு நேரா கேக்கலாம், கேக்கறது உங்க உரிமை. ஒத்து வரலன்னா வேற ஆள் கேக்கறதுலயும் தப்பு இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் ஒப்பீடே வேணாம். ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு இருண்டே இருக்கு, பிடிச்சது எதுவும் பிடிக்கல, தூக்கமும் பசியும் மாறிப்போச்சு, இல்ல உயிரோட இருந்து என்ன ஆகப்போகுதுன்னு ஒரு எண்ணம் எட்டிப் பாக்குதுன்னா, மேல சொன்ன ஆப்பு, நோட்டு, ஓட்டம் எதையும் முயற்சி பண்ணிட்டு இருக்காதீங்க. கவுன்சிலர், டாக்டர், இல்ல உங்க பகுதி அவசர உதவி எண், அன்னைக்கே. தனியா போகத் தயக்கமா இருந்தா ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க.

## போன் ஸ்க்ரோல் இதுல சேராதா?

அரை மணி நேரம் சேரும், மூணு மணி நேரம் சேராது. சீரியஸா சொல்லணும்னா அது மறக்க வைக்கும், குறைக்காது, அதனால பட்டியல்ல சேக்கல.

## உங்க நிலைமைக்கு எது

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்தான்னா புதுசா எதையும் கத்துக்காதீங்க, பத்து நிமிஷ பிளான், 7 மணி நேரத் தூக்கம், ஹாலுக்கு வெளில மூச்சு, இந்த மூணு போதும். செமஸ்டர் இப்பத்தான் ஆரம்பிக்குதுன்னா மெதுவா பலன் தர்றத விதைக்கறதுக்கு இதான் நேரம், தியானமோ நடையோ ஒண்ணே ஒண்ணு, ரெண்டும் வேணாம். எழுதி முடிச்சு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கீங்கன்னா பிளான்ல வேலை இல்ல, உடம்ப அசைங்க, ஆளுங்களோட இருங்க. வேலை எல்லாம் முடிச்சும் நெஞ்சு அடைச்சே இருக்குன்னா எழுதறதுலயோ பேசறதுலயோ ஆரம்பிக்கணும், அங்க டைம்டேபிள் ஒண்ணும் பண்ணாது. பார்ட் டைம் வேலையும் பாத்துக்கிட்டுப் படிக்கறவங்களுக்கு 45 நிமிஷம் கேக்கற எதுவும் நடக்காது, தூக்கத்தக் காப்பாத்திக்கிட்டு நடந்து போற வழியவே உடற்பயிற்சியா வெச்சுக்கறதுதான் உருப்படி.

எதை எடுத்தாலும் மூணு வாரம் குடுங்க, மூச்சத் தவிர, அது மூணு நாள்லயே தெரிஞ்சிடும். வாரம் ஒரு தடவ ஒண்ணு முதல் பத்துக்குள்ள ஸ்ட்ரெஸ் எவ்ளோன்னு ஒரு நம்பர எங்கயாவது குறிச்சு வெச்சுக்கங்க, ஏன்னா நாம எப்படி இருந்தோம்ங்கறத நம்ம மனசு அன்னைய மூடுக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்லும். மூணு வாரம் கழிச்சும் நம்பர் நகரலன்னா அது உங்களுக்கு இல்ல, விட்டுட்டு அடுத்தது.

அந்தப் பொண்ணு விஷயம் கேட்டீங்கன்னா, அவளுக்கு நான் கேட்ட மொத கேள்விக்கே பதில் "முடிஞ்சிட்டா நிம்மதிக்கா"ன்னு வந்துச்சு. மூணு ஆப்பையும் அங்கயே அழிக்க வெச்சேன், 5 மணி அலாரத்த ஆறரைக்கு மாத்தினோம், வாங்கின நோட்டு வீணாக வேணாம்னு அதுலயே மொத பக்கத்துல மிச்ச வேலையெல்லாம் எழுதினா. பதினொண்ணு இருந்துச்சு. அவ நெனச்சுக்கிட்டு இருந்தது முப்பதாம்.